இரண்டு ஊர்களில் கேட்ட ஒரு மூச்சு

மார்ச் 4

வண்டியில் எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் அது சாலையின் குற்றம்.

காலையில் கடை முன்னால் நிறுத்தினோம். அக்கா டீ கேட்டாள். ‘டீ’ வந்தது, ‘சர்க்கரை இல்லாம’ வரவில்லை. உதடு அசைந்தது, சத்தம் இல்லை. முன்சீட்டில் இருந்த மாமா திரும்பி அவளைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். நான் கடைக்காரரிடம் “சர்க்கரை இல்லாம ஒண்ணு” என்றேன். அத்தோடு பேச்சு முடிந்தது. இந்த வண்டியில் எல்லாரும் இப்படித்தான். தெரிந்ததைச் சொல்ல மாட்டார்கள்.

பாடுகிறவள் அக்கா. ஊர் ஊராக ஏற்பாடு செய்வது அவள் கணவர், என் மாமா. டிரம்ஸ் அடிப்பவனை ‘இடி’ என்று கூப்பிடுகிறோம், பேச்சும் அப்படித்தான் இருக்கும். கிட்டார்காரர் வாய் திறப்பது சாப்பிட மட்டும். ஒலி என் பொறுப்பு. தம்பி என்பதால் கிடைத்த வேலை என்று சொல்பவர்கள், என் மிக்ஸரை ஒரே ஒரு சாயங்காலம் ஓட்டிக் காட்டட்டும். மின்னணுவியல் படித்துவிட்டு ஒயர் சுற்றுகிறேனே என்று அம்மா போனில் புலம்புவது தனிக் கதை.

எங்கள் பிழைப்பு முழுக்க வலைப்பூவில்தான். எந்தக் கம்பெனியும் எங்கள் பாட்டைச் சீண்டாத காலத்தில் அக்கா ஆரம்பித்தது. “இந்த ஊரில் யார் யார் இருக்கிறீர்கள்? கை தூக்குங்கள்” என்று ஒரு பதிவு போடுவாள். பின்னூட்டத்தில் போதுமான கைகள் எழுந்தால் அந்த ஊருக்குப் போவோம். இடம் பிடிப்பது, நாற்காலி போடுவது, எங்களைத் தங்க வைப்பது எல்லாம் அந்த ஊர் வாசகர்கள். யார் வேண்டுமானாலும் போனில் பதிவு செய்துகொள்ளலாம், அந்த இணைப்பைப் பின்னூட்டத்தில் போடலாம். மறுநாள் வண்டியில் அக்கா பதிவு எழுதுவாள், பின்னூட்டங்களை எல்லாருக்கும் கேட்கும்படி படிப்பாள், ஒவ்வொருவருக்கும் பதில் போடுவாள்.

இன்று போனை இடியிடம் நீட்டி, நீ படி என்று சைகை காட்டினாள். இடி படித்தால் காதல் கடிதம்கூட தண்ணீர் வரி நோட்டீஸ் மாதிரி கேட்கும்.

மார்ச் 5

மருத்துவரிடம் போகலாம் என்றேன். “நீ உன் ஸ்பீக்கருக்கு வைத்தியம் பாரு” என்றாள்.

மார்ச் 7

நேற்று ஏணிப்பாட்டில் அகப்பட்டுக்கொண்டாள்.

சரணத்துக்குச் சரணம் மெட்டு ஒரு படி ஏறும், அதனால் எங்களுக்குள் அதன் பெயர் ஏணிப்பாட்டு. கடைசிச் சரணத்தில் உச்சிக்குப் போய் ஒரு இழுப்பு இழுத்து நிற்க வேண்டும். அதைக் கேட்கத்தான் பாதிப் பேர் வருகிறார்கள். நேற்று உச்சிக்கு ஒரு படி கீழேயே குரல் இரண்டாகக் கிழிந்தது. துணி கிழிகிற சத்தம். நான் மிக்ஸரில் அவள் குரலின் ஃபேடரைக் கீழே தள்ளி, கிட்டார் சத்தத்தைத் தூக்கி மூடினேன். எவ்வளவு மூட முடியும்? முன்வரிசையில் ஒரு பெண் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டாள்.

இன்று காலை பின்னூட்டங்கள். “பரவாயில்லை அக்கா.” “தொண்டையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.” “நாங்கள் கூடப் பாடியிருப்போமே.” ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை. அதுதான் அவளைக் கொன்றது. “பாவம் பாக்குறாங்கடா” என்றாள். கிசுகிசுப்பாகத்தான் சொன்னாள், வேறு மாதிரி வரவில்லை.

இரண்டு ஊரை ரத்து செய் என்று நான் நேராகவே சொன்னேன். எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது.

“கை தூக்கினவங்ககிட்ட என்னன்னு சொல்றது? நாற்காலி வாடகைக்கு எடுத்து வச்சிருக்காங்க. லீவு போட்டுட்டு வர்றாங்க. என் தொண்டை சரியில்லன்னு வீட்டுக்கு அனுப்பவா?”

“ஆமா. அதத்தான் சொல்லணும்.”

“உனக்கு மெஷின் மட்டும்தான் தெரியும்.”

பெட்ரோல் போடும் இடத்தில் மாமா என்னைத் தண்ணீர்க் குழாய் பக்கம் இழுத்துப் போனார். முகம் கழுவுகிற சாக்கில் பேசினார்.

“பழைய ஊர் நிகழ்ச்சியெல்லாம் உங்கிட்ட பதிவா இருக்குல்ல?”

“இருக்கு.”

“அவ குரல் மட்டும் தனியா?”

“ஒவ்வொண்ணும் தனித்தனியா இருக்கு. எதுக்கு?”

“எதுக்குன்னு உனக்கே தெரியும்டா.”

தெரியும். முடியாது என்றேன். “அவளக் காப்பாத்துறதுக்குத்தான்” என்றார். அவர் கண் சிவந்திருந்தது. சோப்பு போட்டதால் என்று வைத்துக்கொள்கிறேன்.

மார்ச் 8

செய்துவிட்டேன்.

காரணத்தை உள்ளது உள்ளபடி எழுதி வைக்கிறேன். பாதி, அக்காவுக்காக. மீதிப் பாதி, என்னால் முடியுமா என்று பார்க்கும் அரிப்பு. இரண்டாவது பாதியை யாரிடமும் சொல்ல மாட்டேன்.

வேலை என்னவோ சுலபம். மேடையில் எல்லாரும் மாட்டியிருக்கும் இயர்போனில் தாளத்துக்கு ‘டிக் டிக்’ என்று ஓடும், அதனால் எல்லா ஊரிலும் பாட்டு ஒரே வேகம். ஜனவரியில் அவள் குரல் கண்ணாடி மாதிரி இருந்த ஒரு ஊர் உண்டு. அந்த ஏணிப்பாட்டின் கடைசிச் சரணத்தில் அவள் குரலை மட்டும் வெட்டி எடுத்தேன். அவள் மேடையில் அந்த இடத்துக்கு வரும்போது, மைக்கைக் கொஞ்சம் இறக்கி, ஜனவரியைக் கொஞ்சம் ஏற்ற வேண்டும். வெளியே கேட்பது ஜனவரி. வாயசைப்பது மார்ச்.

சரணத்துக்கு முன்னால் அவள் இழுக்கும் மூச்சையும் வெட்டாமல் விட்டேன். அரைகுறை ஆட்கள் மூச்சை வெட்டிவிடுவார்கள், உடனே செயற்கை என்று தெரிந்துவிடும். மூச்சு இருந்தால்தான் உயிர் இருக்கும். இதில் எனக்குக் கொஞ்சம் பெருமை, மறைப்பானேன்.

அக்காவுக்குத் தெரியக்கூடாது, அது மாமாவின் நிபந்தனை. தெரிந்தால் மேடையை விட்டு இறங்கிவிடுவாள். அதனால் அவள் காதுக்குப் போகும் ஒலியையும் மாற்றினேன். அவள் குரலைக் குறைத்து, வாத்தியங்களை ஏற்றி, எக்கோவைத் தாராளமாக ஊற்றினேன். எக்கோ ஊற்றினால் கிழிசல் தெரியாது.

கடைசி இழுப்பு முடிந்ததும் கூடம் எழுந்து நின்றது. அக்கா கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். இறங்கி வந்து என் முதுகில் ஒன்று போட்டாள்.

“இன்னிக்கு காதுல என்னடா பண்ணின? அவ்ளோ சுகமா இருந்துது.”

“ஒயர் மாத்தினேன்.”

என் வாழ்நாளில் இவ்வளவு சின்னப் பதிலை நான் சொன்னதில்லை.

மார்ச் 9

வாசகர்கள் போட்ட வீடியோக்களை அக்கா காலையிலிருந்து திரும்பத் திரும்பப் பார்க்கிறாள். தன் குரலை அவள் நம்புவது அங்கேதான். மேடையில் கேட்பதை நம்ப மாட்டாள், எங்களை நம்ப மாட்டாள். “நீங்க வீட்டு ஆளுங்க, பூசி மெழுகுவீங்க. வாசகருங்க அப்படி இல்ல” என்பாள்.

“குரல் திரும்பிவிட்டது!” என்று பதிவின் தலைப்பு.

மாமா எனக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட் முழுதாக வாங்கிக் கொடுத்தார். சாப்பிட முடியவில்லை. இடி சாப்பிட்டான்.

மார்ச் 12

சரியில்லை. எதுவுமே சரியில்லை.

நான் நினைத்தது என்ன? ஜனவரிக் குரல் அவள் பாரத்தைத் தாங்கும், அவள் தொண்டை ஓய்வெடுக்கும். நடப்பது நேர்மாறு. குரல் நன்றாக இருக்கிறது என்று நம்பி முழுத் தொண்டையில் பாடுகிறாள். நேற்று இரண்டு பாட்டு கூடுதலாகச் சேர்த்தாள். ஆவி பிடிப்பதை நிறுத்திவிட்டாள். நிகழ்ச்சி முடிந்து வாசகர்களோடு நின்று பேசு பேசு என்று பேசினாள். எனக்கு அவள் மைக்கில் வருவது தனியாகக் கேட்கும், ஹெட்போனில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். நேற்று அழுத்தினேன். உச்சியில் சத்தமே இல்லை. வெறும் காற்று. வெளியே ஜனவரி முழங்கிக்கொண்டிருந்தது.

இன்று அவள் போட்ட பதிவு: “பேசும்போது தவளை, மேடை ஏறினால் சரியாகிவிடுகிறது. இது என்ன அதிசயம்? வாசகர்களில் மருத்துவர் யாராவது இருந்தால் சொல்லுங்களேன்.”

ஒருவர் சொல்லியிருக்கிறார். “அப்படி நடப்பது வழக்கமில்லை. காமிரா வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தயவுசெய்து தள்ளிப் போடாதீர்கள்.” அக்கா அதற்குச் சிரிப்புப் படம் போட்டு நன்றி சொல்லியிருக்கிறாள்.

மாமாவிடம் போனேன். வண்டிக்குப் பின்னால், பெட்டிகளை ஏற்றும்போது.

“நிறுத்திடலாம் மாமா. சொல்லிடலாம்.”

“இன்னும் மூணே ஊரு. முடிச்சிட்டு நேரா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்.”

“மூணு ஊருல தொண்டை மிச்சம் இருக்குமா?”

“நீதான செஞ்ச?” என்றார். “இப்ப எங்கிட்ட வந்து நியாயம் பேசுற.”

வாயை மூடிக்கொண்டேன். எவன் எவனுக்கோ மூஞ்சிக்கு நேரா பேசுறவன், சொந்த அக்காகிட்ட நாலு வார்த்தை சொல்ல முடியல. என்ன பயம் எனக்கு? அடிப்பாளா? அழுவா. அதுதான். அழுதா பாக்க முடியாது. இவ்ளோதானா நான்?

மார்ச் 13

நாளை சொல்லிவிடுவேன்.

மார்ச் 14

சொல்லவில்லை. ஏணிப்பாட்டுக்கு மறுபடி ஜனவரி. மறுபடி கூடம் எழுந்து நின்றது.

மார்ச் 15

மதியம். வாசகர் ஒருவர் வீட்டு மாடியில் தங்கியிருக்கிறோம். துணி காயப் போடும் கொடிக்குக் கீழே உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தேன். பின்னூட்டங்களில் விளம்பரக் குப்பை சேர்ந்தால் கூட்டித் தள்ளுவது என் வேலை.

குப்பை இல்லை. ‘ஜன்னலோரம்’ எழுதியிருந்தார்.

இந்த ஜன்னலோரம் யார் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. பேருந்தில் ஜன்னலோரம் கிடைத்தால்தான் உங்கள் ஊர்களுக்கு வருவேன் என்று முதல் பின்னூட்டத்தில் எழுதியவர், அன்றிலிருந்து அதுவே பெயர். நிறைய ஊருக்கு வந்திருக்கிறார். முன்னால் வந்து பேசியதில்லை.

இரண்டு ஒலித்துண்டுகளைப் போட்டிருந்தார். ஒன்று பதினொன்றாம் தேதி, இன்னொன்று நேற்று. கீழே இப்படி:

“தப்பாக நினைக்காதீர்கள். கடைசிச் சரணத்துக்கு முன்னால் நீங்கள் இழுக்கும் மூச்சு எனக்குப் பிடிக்கும், அதற்காகவே திரும்பத் திரும்பக் கேட்பேன். அதன் நுனியில் நாக்கு ஒட்டிப் பிரிகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம். இரண்டு ஊரிலும் அச்சு அசலாக அதே சத்தம், அதே இடத்தில். பாட்டு ஒரே மாதிரி வரலாம். மூச்சு வருமா? எனக்கு விளங்கவில்லை. நீங்களே சொல்லுங்கள்.”

நான் பெருமைப்பட்டு விட்டுவைத்த அதே இடம்.

யோசிக்கவில்லை. நீக்கு என்பதை அழுத்தினேன். ‘நிச்சயமாகவா?’ என்று கேட்டது. ஆமாம்.

கொஞ்ச நேரம் கொடியில் ஆடும் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் உறைத்தது. இந்த வலைப்பூவை வடிவமைத்தவன் நான். யாராவது பின்னூட்டம் போட்டால் அந்த நொடியே அது தொடர்கிற எல்லாருக்கும் மின்னஞ்சலில் போய்விடும். வாசகர்களுக்கு வசதியாக இருக்கட்டும் என்று இரண்டு வருடம் முன்னால் என் கையால் எழுதிய நிரல். இங்கே அழித்தால் இங்கே மட்டும்தான் அழியும்.

தொடர்கிறவர்கள் பட்டியலில் முதல் பெயர் அக்கா.

மடிக்கணினியை மூடினேன். கீழே அக்கா யாரிடமோ சிரித்துக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. அதாவது, இருமலும் சிரிப்புமாக ஒன்று.

மார்ச் 16

படித்துவிட்டாள்.

காலை வண்டி கிளம்பியதிலிருந்து அவள் காதில் ஹெட்போன். பின்சீட்டில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். திரையைப் பார்க்காமலே எனக்குத் தெரிந்தது. இரண்டு துண்டு, மாற்றி மாற்றி. எத்தனை தடவை கேட்டாளோ. ஒவ்வொரு தடவையும் அவள் கட்டைவிரல் ஒரே இடத்தில் நின்றது.

ஹெட்போனைக் கழற்றி என் காதில் வைத்தாள்.

“இது எந்த ஊர் மூச்சு?”

பொய் சொல்ல இடம் இருந்தது. மாமா முன்னாலிருந்து திரும்பி, அதற்கான கண்ஜாடையும் காட்டினார்.

“ஜனவரி” என்றேன்.

“எத்தன ஊரா?”

“எட்டாம் தேதிலேந்து.”

இடி கையிலிருந்த குச்சிகளைப் பைக்குள் வைத்தான். மாமா “நாந்தான் சொன்னேன், அவன ஒண்ணும் கேக்காத” என்று ஆரம்பித்தார். அக்கா கையை உயர்த்தினாள், அவர் நிறுத்திவிட்டார்.

“அந்தப் பின்னூட்டம் தளத்துல இல்ல. எங்க போச்சு?”

“அழிச்சிட்டேன்.”

அதற்குத்தான் முகம் மாறியது. குரலை மாற்றியதைக் கேட்டபோதுகூட அப்படி ஆகவில்லை. “அவங்க என்னைக் கேட்டாங்கடா” என்றாள். “உன்னைக் கேக்கல. என்னைக் கேட்டாங்க.”

வண்டியை நிறுத்தச் சொன்னாள். இறங்கி, சாலையோரம் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. நான் இறங்கவில்லை. கிட்டார்காரர் இறங்கிப் போய், கொஞ்சம் தள்ளி, ஒன்றும் சொல்லாமல் நின்றார். பேசத் தெரியாத ஆளுக்கு எங்கே நிற்பது என்று தெரிந்திருக்கிறது.

—

மதியம் கூடத்தில் ஒலி சரிபார்க்கும்போது மேடையில் ஏறி நின்றாள்.

“காதுல என் குரல் மட்டும் வை. வாத்தியம் வேணாம். எக்கோ வேணாம். ஒண்ணும் வேணாம்.”

வைத்தேன். ஏணிப்பாட்டை எடுத்தாள். முதல் படி, இரண்டாம் படி. மூன்றில் குரல் சறுக்கியது. நிறுத்தவில்லை, உச்சிக்குப் போனாள், அங்கே எதுவும் இல்லை, இல்லாத இடத்தில் வாயைத் திறந்தபடி நின்றாள். காலி நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த வாசகர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். இத்தனை நாள் தான் பாடியது என்ன என்பதை அக்கா அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்டாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. மிக்ஸரில் விளக்குகளைப் பார்த்தேன். பச்சை, பச்சை, பச்சை.

இறங்கி வந்து என் முன்னால் நின்று, போனில் தட்டச்சு செய்து காட்டினாள். ‘இனி பேசப் போவதில்லை. சாயங்காலம் ஜனங்கள் வருவார்கள். மைக்கில் நீ சொல்லு. நீதானே பட்டென்று பேசுகிறவன்.’

—

சொன்னேன்.

என் குரலை நான் மைக்கில் கேட்டதில்லை. ஒல்லியாக, எரிச்சலாக இருக்கிறது. “அக்கா இன்னிக்குப் பாட மாட்டாங்க. குரல் போயிடுச்சு. ஒரு வாரமா ஏணிப்பாட்டு கடைசிச் சரணத்துல நீங்க கேட்டது ஜனவரில பதிவு செஞ்சது. அவங்களுக்குத் தெரியாம நான் ஓட்டினேன். அதப்பத்திக் கேட்ட பின்னூட்டத்தையும் நாந்தான் அழிச்சேன்.”

மாமா பெயரைச் சொல்லவில்லை. அதற்குள் மாமா தானே மேடைக்குப் பக்கத்தில் வந்து நின்று கையைத் தூக்கினார். “நான் சொல்லித்தான் செஞ்சான்” என்றார். மைக் இல்லாமலே எல்லாருக்கும் கேட்டது.

நடுவரிசையில் ஒருவர் எழுந்தார், நடுத்தர வயது.

“போன ஊருக்கு எங்கம்மாவக் கூட்டிட்டு வந்தேன். அந்தக் கடைசிப் பாட்டுக்கு அழுதாங்க. வீட்டுக்குப் போற வழியெல்லாம் அதப்பத்தியே பேசினாங்க. இப்ப நான் போய் அவங்ககிட்ட என்ன சொல்ல?”

‘அதுவும் அக்கா குரல்தானே’ என்று வாய் வரை வந்தது. வராமல் பிடித்துக்கொண்டேன். அவர் உட்காரவில்லை. பதிலுக்குக் காத்திருந்தார்.

“தெரியலங்க” என்றேன்.

சிலர் உடனே கிளம்பினார்கள். ஒருவர் கதவை ஓங்கிச் சாத்தினார். மற்றவர்கள் அக்காவைச் சுற்றி நின்றார்கள், அவளுக்குப் பேச்சு இல்லை என்பதால் அவர்களும் பேசவில்லை. நாற்காலிகளை அடுக்கினார்கள். நானும் அடுக்கினேன். யாரும் என் அடுக்கில் கொண்டுவந்து வைக்கவில்லை.

மார்ச் 17

மருத்துவர் மூக்கு வழியாகக் காமிராவை விட்டார். திரையில் அக்காவின் குரல்நாண்கள். ஒன்று வெள்ளையாக, இன்னொன்று முழுக்கச் சிவப்பாக.

“ரத்தம் கட்டியிருக்கு. இதோட பாடினீங்களா?”

அக்கா தலையாட்டினாள்.

“எத்தனை நாளா?”

அவள் என்னைப் பார்த்தாள். நான் சொன்னேன். அவர் பேனாவை வைத்துவிட்டு என்னையும் மாமாவையும் பார்த்தார். “மொதல்லயே வந்திருந்தா சும்மா பேசாம இருந்தாலே போதும். இப்ப சொல்ல முடியாது. முழு மௌனம். கிசுகிசுன்னுகூடப் பேசக் கூடாது. மேல்குரல் திரும்புமான்னு கேட்டீங்கன்னா, எனக்குத் தெரியாது.”

நாங்கள் யாரும் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் வந்தால்தானே.

மார்ச் 18

அக்காவின் பதிவு. எழுதும்போது எங்கள் யாரிடமும் காட்டவில்லை. எல்லாரையும் போல நானும் மின்னஞ்சலில் படித்தேன். இங்கே படி எடுத்துக்கொள்கிறேன், ஏன் என்று தெரியவில்லை.

“ஜன்னலோரம் கேட்ட கேள்விக்குப் பதில்: வராது. மூச்சு அப்படி வராது. நீங்கள் கேட்டது சரி. அது என்னுடைய பழைய மூச்சு. அதை இப்போதைய மூச்சு என்று நானும் நம்பினேன். உங்கள் பின்னூட்டம் திரும்ப அதன் இடத்தில் இருக்கிறது. மீதி ஊர்களுக்கு வர முடியாது. கை தூக்கியவர்கள் கையை இறக்கிக்கொள்ளுங்கள், வலிக்கும். என் வீட்டு ஆட்கள் மேல் கோபம் இருக்கிறது. அது எங்கள் வீட்டு விஷயம், அதில் நீங்கள் பக்கம் எடுக்க வேண்டாம்.”

பின்னூட்டங்கள் குவிகின்றன. பாதி அணைப்பு, பாதி உதை. ‘இனி எதை நம்புவது’ என்று ஒருவர். ‘எல்லாரும் செய்வதுதானே, இதற்கா இவ்வளவு’ என்று இன்னொருவர். இவருக்கு அக்கா உடனே பதில் போட்டிருந்தாள்: “நான் செய்வதில்லை.”

ஜன்னலோரம் எதுவும் எழுதவில்லை.

மார்ச் 20

வீட்டுக்கு வந்துவிட்டோம். மிக்ஸரை இறக்கியபோது அக்கா ஒரு சீட்டு கொடுத்தாள். ‘இது இங்கேயே இருக்கட்டும். அடுத்த தடவை மிக்ஸர் மேஜையில் வேறு ஆள்.’

சரி என்றேன்.

அம்மா போன் செய்தாள். “அவகிட்ட மன்னிப்புக் கேட்டியா?” கேட்டேன், வண்டியில், இரண்டு தடவை. அவள் பேசக் கூடாது என்பதால் பதில் வரவில்லையா, பதிலே இல்லையா? எழுதிக் காட்டியிருக்கலாமே.

ஏப்ரல் 3

ஒரு கூட்ட அரங்கில் வேலை. கம்பெனி ஆட்கள் வந்து பேசுவார்கள், நான் காலர் மைக் மாட்டிவிட வேண்டும். ஒருவர் ஒரு மணி நேரம் ‘வெளிப்படைத்தன்மை’ என்று பேசினார். மைக் அணைக்காமல் கழிப்பறைக்குப் போனார். அங்கே போனில் தன் மேலாளரைத் திட்டியதை அரங்கம் முழுக்கக் கேட்டது. நான் அவசரப்பட்டு அணைக்கவில்லை. என்னை யாரும் குறை சொல்ல முடியாது, நான் எதையும் மறைக்கவில்லை.

சிரித்தேன். ஊர் திரும்பியதிலிருந்து முதல் சிரிப்பு.

ஏப்ரல் 10

மாமா வந்தார். டீக்கடையில் நின்றபடி பேசினோம். வீட்டில் அக்கா எழுதியே பேசுகிறாளாம். “உனக்கு எழுதுறாளா?” என்றார். இல்லை. “எனக்கு எழுதுறா. ‘பால் வாங்கு’, ‘கதவ சாத்து’. அதுக்கு மேல ஒரு வரி இல்ல.”

பொறாமையாக இருந்தது. எனக்குப் பால்கூட இல்லை.

ஏப்ரல் 19

வலைப்பூவில் பதிவு. பேசாமல் இருப்பதைப் பற்றி. கடைக்காரர் அவளைக் காது கேளாதவள் என்று நினைத்து மெதுவாக, பெரிதாக வாயசைத்துப் பேசினாராம். “நிறைய பேர் எனக்காக உரக்கப் பேசுகிறார்கள். எனக்குக் காது நன்றாகவே கேட்கிறது. முன்னைவிட நன்றாக.”

பின்னூட்டத்தில் ஜன்னலோரம்: “இந்த மாதம் எந்தப் பேருந்திலும் ஏறவில்லை. எழுதிக்கொண்டிருங்கள்.”

நான் எதுவும் போடவில்லை. என் பெயரில் போட்டால் அழித்துவிடுவாளோ என்று பயம். அழித்தாலும் நியாயம்தான்.

மே 2

அவளுக்கு மருத்துவர் பேச அனுமதி கொடுத்தாராம். அம்மா சொல்லித்தான் தெரியும்.

மே 11

மதியம் கூட்ட அரங்கின் சாமான் அறையில் ஒயர் சுற்றிக்கொண்டிருந்தேன். போனில் ஒரு ஒலிக்கோப்பு வந்தது. அக்காவிடமிருந்து. கூட ஒரு வார்த்தை இல்லை.

நல்ல ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டேன். மேல்பூச்சு எதுவும் இல்லாத பதிவு, சமையலறையில் எடுத்திருக்க வேண்டும், பின்னால் குழாய் சொட்டுகிறது. ஏணிப்பாட்டு. மெதுவாக, டிக் டிக் இல்லாமல். முழுக்கக் கேட்டேன். மறுபடி கேட்டேன். அப்புறம் போன் அடித்தது.

“கேட்டியா?”

அந்தக் குரல் எனக்குத் தெரியாத குரல். மேலே கரகரப்பு, அடியில் கனம்.

“கேட்டேன்.”

“எப்படி இருக்கு?”

நல்லா இருக்குக்கா என்று சொல்ல எவ்வளவு ஆசை. சொன்னால் அவள் வைத்துவிடுவாள், எனக்குத் தெரியும், நிரந்தரமாக.

“மேல போகல. போற மாதிரி போய், வழியிலயே நிக்குது. ரெண்டாவது சரணம் முழுக்க சுருதி இறங்குது. மூச்சு பத்தல.”

அந்தப் பக்கம் குழாய் சொட்டும் சத்தம் மட்டும்.

“நடுவுல ஒரு இடம் இருக்கு” என்றேன். “முன்ன அங்க உங்கிட்ட ஒண்ணுமே இருந்ததில்ல, மேல ஏறுறதுக்கான படியா மிதிச்சிட்டுப் போயிடுவ. இப்ப அங்க நல்லா இருக்கு.”

“சமாதானத்துக்குச் சொல்றியா?”

“இல்ல.”

“மேஜைக்கு உன்னைக் கூப்பிடல, புரியுதா? அங்க வேற பொண்ணு வந்துட்டா.”

“புரியுது.”

“சரி. எந்த இடம்னு நிமிஷம் செகண்டோட எழுதி அனுப்பு.”

வைத்துவிட்டாள். அனுப்பினேன். எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது, எங்கே கெடுகிறது.

மே 12

காலையில் இன்னொரு கோப்பு. நான் சொன்ன அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் பாடியிருக்கிறாள்.

கேட்டேன். முதல் வரி நன்றாக இருக்கிறது. மூன்றாவது வரியில் அவசரப்படுகிறாள், முடிவில் சுருதி நிற்கவில்லை.

எழுதி அனுப்பிவிட்டேன். அடுத்த கோப்பு இன்னும் வரவில்லை, ஹெட்போனைக் கழற்றவும் இல்லை.